சொதியும் தண்ணிதான்

நண்டு கழற்றும்போது மக்டலீன் கதைப்பதில்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. பழைய சைக்கிள் ரியூபை விரலளவுக்கு வெட்டி, நுனியை முடிந்து, பத்து விரலுக்கும் உறையாக மாட்டிக்கொண்டு குருநகர்க் கரையில் குந்தியிருக்கிறாள். வலையில் சிக்கிய நண்டை முதுகுப் பக்கமாக அமத்தி, ஒவ்வொரு காலாக விடுவிக்கிறாள். மற்றப் பெண்கள் ஒரு வலையை முடிக்கிற நேரத்தில் அவளுக்கு அரை வலைதான் முடியும்.

"உவள் நண்டுக்குப் பிரசவம் பாக்கிறாள்" என்று கரையில் பகிடி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். வாயைத் திறக்காமல் சிரிப்பாள், பற்கள் பழுதாகியிருக்கின்றன. பல் கழற்றப் பயந்து அவள் அப்படியே விட்டுவைத்த பற்கள் அவை.

மற்றவர்களுக்கு நண்டு கீறினால் ஒரு சொட்டு இரத்தம். அவளுக்கு அரைநாள். பத்தொன்பது வயதில் ஒரு பல்லைக் கழற்றி மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லை. மூத்த பிள்ளை பிறந்தபோது பங்குச் சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் கொழும்பில் ஒரு டொக்டர் இரத்தத்தைச் சோதித்து, நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்: வொன் வில்லிபிராண்ட். இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் அவளிடம் குறைவு. அவளளவுக்குக் குறைந்தவர்கள் அரிது.

"ஆரோ ஒரு வெள்ளைக்காரன்ரை வருத்தம். அவன் தன்னோடை வைச்சிருக்காமல் எனக்கேன் தந்தவன்?" என்பாள்.

இதற்கு டெஸ்மோபிரசின் என்று ஓர் ஊசி மருந்து உண்டு. பல் கழற்றுவதற்கு முன்னர் சேலைனில் கலந்து மெல்ல ஏற்றினால், உடம்பு ஒதுக்கி வைத்திருக்கும் உறைபொருள் இரத்தத்தில் இறங்கும். முகம் சற்றுச் சிவந்து சூடாகும். பிரான்சிலிருக்கும் அவளுடைய தம்பி அனுப்பிய ஆறு குப்பிகள், பங்குக் கோயில் டிஸ்பென்சரியின் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியில் இருக்கின்றன. சண்டையால் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகிறது. சனிக்கிழமைதோறும் அவளும் கணவன் சந்தியோகுவும் போய், பெட்டி குளிராக இருக்கிறதா என்று பார்த்து வருவார்கள்.

"ஐஸ் கிடைச்சால் அதுக்குள்ளை புதைச்சு வைக்கலாமே, மிஸ்ஸி" என்று சந்தியோகு ஒருமுறை யோசனை சொன்னான். கடலில் பிடித்ததை அப்படித்தானே காப்பாற்றுவது.

"இது அறுக்குளா மீன் இல்லை, அண்ணை" என்றாள் தாதி. "குளிர் வேணும், ஆனால் கட்டிப்படக்கூடாது. கட்டிப்பட்டால் எறியத்தான் வேணும்."

மருந்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அது உடம்பிலுள்ள நீரை வெளியே போகவிடாது. ஆகவே ஊசி போட்ட நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம்வரை கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டும். கூடினால் தலையிடிக்கும், சத்தி எடுக்கும், வலிப்புக்கூட வரும்.

சென்ற வருடம் ஆஸ்பத்திரியில் முதன்முறையாக அந்த ஊசியைப் போட்டுக் கடைவாய்ப் பல்லொன்றைக் கழற்றினார்கள். "தண்ணி கனக்கக் குடிக்கக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். இரத்தம் ஒரு மணித்தியாலத்தில் நின்றது. வீட்டில் பார்த்துக்கொள்ள வந்தவள் சந்தியோகுவின் தமக்கை யோசப்பின். நல்ல கைராசிக்காரி, சொன்னதை அப்படியே செய்பவள். மக்டலீனுக்கு அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. பின்னேரம் தலையிடி தொடங்கியது. பொழுதுபடும் நேரம் வலிப்பு வந்தது. ஊசிதான் விசம் என்று ஒழுங்கை முழுவதும் கதை பரவிவிட்டது. அடுத்த வளவில் இருப்பவன் என்பதால் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்.

"தண்ணி குடுத்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"மாதாவாணை இல்லை, டொக்டர்" என்றாள் யோசப்பின். "வாய் நனைக்கக்கூடக் குடுக்கேல்லை."

"வேறை என்ன குடுத்தனீங்கள்?"

"ரத்தம் போனவளெல்லோ. ஒடியற்கூழ் ஆறவைச்சு மூண்டு கோப்பை. இளநி ரெண்டு. பிறகு சோத்தைக் குழையக் குழையச் சொதி விட்டு..."

"சொதியோ?"

"சொதி கறியெல்லோ, டொக்டர்."

அவர் கோபிக்கவில்லை. "சொதியும் தண்ணிதான், அக்கா. நான்தான் விளங்கச் சொல்லியிருக்க வேணும்" என்றார்.

யோசப்பின் பொய் சொல்லவில்லை. நமக்குத் தண்ணீர் என்பது கிணற்றிலிருந்து வருவது. அதில் தேங்காய்ப்பால் விழுந்தவுடன் அது வேறு பெயர் பெற்று வேறு இனமாகிவிடுகிறது. பெயர்களைக் கொண்டுதான் நாம் உலகத்தைப் பிரிக்கிறோம். உடம்புக்கு அந்தப் பெயர்கள் தெரியாது.

மக்டலீன் இரண்டு நாளில் தேறிவிட்டாள். யோசப்பின் தேறவில்லை. எட்டு மாதம் தம்பியின் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. பூசையில் மறுபக்கத்து வாங்கிலில் இருப்பாள். சந்தியோகு போய்க் கூப்பிட்டான், வரவில்லை. மக்டலீன் கூப்பிடவே இல்லை. அவளுடைய பெருந்தன்மையைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது.

சென்ற மாதம் அடுத்த பல் வீங்கியது. இம்முறை அவள் டொக்டரிடம் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "எதெது தண்ணியெண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" அவர் யோசித்துவிட்டு, "கோப்பையைச் சாய்ச்சால் ஓடுறதெல்லாம் தண்ணி" என்றார். நாள் முழுவதற்கும் தகரப் பேணியால் நாலு பேணி, அதுவும் அரை அரையாக.

காலை பத்து மணிக்கு ஊசி ஏற்றினார்கள். தாதி குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்து, தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தபோது மக்டலீனும் எட்டிப் பார்த்தாள். பல் வந்தது. இரத்தம் நின்றது. மத்தியானம் வாயில் பஞ்சைக் கடித்தபடி வீட்டு விறாந்தையில் இருந்தாள். பங்குனி வெயில். முதலில் ஒழுங்கைக் கடைசி வீட்டுச் செபமாலையண்ணை இளநீரோடு வந்தார்.

"இது தண்ணியில்லை, பிள்ளை. இளநி. குளிர்ச்சி."

"சாய்ச்சுப் பாருங்கோ, அண்ணை."

சாய்த்தார். ஓடியது. "சரி, உதுக்கு நான் என்ன செய்ய?" என்று முணுமுணுத்துக்கொண்டு தானே குடித்தார்.

அவர் போன பின் படலை மெல்லத் திறந்தது. யோசப்பின். கையில் ஒன்றுமில்லை. விறாந்தை வாசலில், வெயில் விழுகிற பக்கமாக இருந்துகொண்டாள். கொத்தமல்லித் தண்ணியோடு வந்த முன்வீட்டுக்காரியை, "நாளைக்குப் பத்து மணிக்குப் பிறகு கொண்டா" என்று திருப்பி அனுப்பினாள். கஞ்சியோடு வந்தவளுக்கும் அதே பதில். அரைப் பேணி கொடுக்க வேண்டிய நேரம் வந்தால் தானே அளந்து கொடுத்தாள். மக்டலீன் அதை மிடறு மிடறாகக் குடித்து முடிக்கும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசப்பினுக்கு உதடு காய்ந்து தோல் கிளம்பியிருந்தது. வந்ததிலிருந்து அவளும் ஒன்றும் குடிக்கவில்லை.

மூன்று மணியளவில் மக்டலீன் எழுந்து உள்ளே போனாள். குடத்திலிருந்து பேணி நிரம்ப வார்க்கும் சத்தம் கேட்டது. யோசப்பின் பதறி எழுந்தாள்.

"வேண்டாமடி. அடுத்தது ஆறு மணிக்கெல்லோ. என்னை இன்னொருக்கா..."

மக்டலீன் பேணியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். பஞ்சு வாயிலிருந்ததால் சொல் குழறியது.

"உங்களுக்கு, மச்சாள்."

யோசப்பின் அண்ணாந்து குடித்தாள். கடைசி மிடறு இறங்கும்வரை மக்டலீன் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேணியை வாங்கிக்கொண்டு போய், மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.