இழுத்தும் கழலாத சிவப்புக் குமிழ்

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாலை மணி நாலு பத்து. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். பதினொரு வயதான என் மகள், தன் இடுப்புப் பட்டையில் இருந்த ஒரு சிவப்புக் குமிழை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்த மாத்திரத்தில் கழன்று, அவளைப் பட்டத்திலிருந்து விடுவிக்க வேண்டிய குமிழ் அது. கழலவில்லை. கழலாததற்குக் காரணம் எங்கள் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டர். இரண்டாவது காரணம் நான்.

அந்தக் குமிழ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பட்டன், ஊக்கு, மிச்ச நூல் எல்லாம் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. பாதி எலுமிச்சம்பழ அளவு. வருஷக்கணக்கில் வெளுத்துக் காவி நிறத்துக்கு வந்துவிட்டது. அதோடு ஒரு விரற்கடை நீளத்துக்கு அறுபட்ட பட்டைத் துணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துணியில் கறுப்பு நூலில், நெருக்கமாக, ஒரு எறும்பு நுழைய இடமில்லாமல் போட்ட தையல். டப்பாவில் வேறெதையாவது தேடும்போது கையில் அது தட்டுப்பட்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் முதலில் வருகிறது. பயம் அதற்குப் பிறகுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலம்பாளையம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தேன். பி.ஏ. இங்கிலீஷ் படித்திருந்ததால் பையர்கள் என்று நாங்கள் சொல்லும், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவது, ஃபேக்ஸ் அனுப்புவது, அவர்கள் அனுப்பும் குறிப்புகளைத் தமிழில் எழுதி செக்‌ஷன்களுக்குக் கொடுப்பது என் வேலை. பேட்டர்ன் மாஸ்டர் சாம்பிள் செக்‌ஷனுக்குத் தலைவர். எந்த உடுப்பையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும், அட்டையில் அளவு வெட்டி மறுநாள் அச்சாக அதே மாதிரி தைத்து வைத்துவிடுவார். கழுத்தில் நாடா கட்டி ஒரு சின்ன நூல் கட்டரைத் தாலி மாதிரி எப்போதும் தொங்கவிட்டிருப்பார். கைக்கெட்டிய இடத்தில் எங்காவது பிசிறு தெரிந்தால் போதும், யார் சட்டை என்றுகூடப் பார்க்காமல் வெட்டிவிடுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் உலகத்தில் தைத்த பொருள் அத்தனையும் தனக்குக் கட்டுப்பட்டது என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. "தைச்சதுதானுங்க மேடம், நமக்குத் தெரியாதுங்களா?" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எத்தனையோ முறை வாதாடித் தோற்றிருக்கிறேன்.

அந்த ஆடி மாதம் ஹாலந்திலிருந்து ஒரு பையர் வந்தார். கடலோரத்தில் பட்டம் விடச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். நம் ஊர்க் காகிதப் பட்டம் இல்லை. ஒரு சின்ன அறை அகலத்துக்குத் துணி. அதன் முன் விளிம்பில் ஆள் தொடை தடிமனுக்கு ஒரு காற்றுக் குழாய், குறுக்கே விலா எலும்புகள் மாதிரி சின்னக் குழாய்கள். பம்பு வைத்து அடித்தால் விறைத்துக்கொண்டு வளைந்து நிற்கும். நீளமான கயிறுகள் ஒரு கைப்பிடித் தண்டில் வந்து சேரும். அந்தத் தண்டிலிருந்து ஒரு வளையம் இறங்கி ஆளின் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும். காலில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் மேல் வழுக்கிப் போவார்களாம். பட்டத்தின் ஆரஞ்சும் நீலமும் அப்படியே தன் பள்ளியின் டி-ஷர்ட்டில் வர வேண்டும் என்று, நிறம் பார்ப்பதற்காக அந்தப் பட்டத்தையே பையோடு விட்டுவிட்டுப் போனார். நிறத்துக்கு ஓர் ஓரத்தைக் காட்டினால் போதாதா? முழுசாக, பம்போடு, பட்டையோடு, இங்கிலீஷ் புத்தகத்தோடு எதற்கு விட்டுப் போனார் என்று அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

மாஸ்டருக்கு அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. "புஸ்தகத்தத் தமிழ்ல எழுதிக் குடுங்க மேடம், ஆடிக் காத்து போறதுக்குள்ள ஒரு தடவ ஏத்திப் பாத்தரலாம்" என்று நச்சரித்தார். நானும் எழுதினேன். ராத்திரி சமையல் முடித்துவிட்டு, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் படித்துப் படித்து எழுதினேன். பட்டம் நிற்கும் இடத்தைக் கடிகார முள் மாதிரி சொல்வார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் நேர் தலைக்கு மேல் பன்னிரண்டு மணி. இரண்டு பக்கமும் தரையோரம் ஒன்பதும் மூன்றும். பன்னிரண்டில் நிற்கும் பட்டம் சாது. அங்கிருந்து சரிந்து ஆளுக்கு நேர் எதிரே நடுவானத்தைக் கடக்கும்போதுதான் அதற்கு முழு பலமும் வரும். காற்று போகும் திசையில் மரமோ சுவரோ மின்கம்பியோ இருக்கக் கூடாது. விட்டு விட்டு அடிக்கும் காற்றில் ஏற்றவே கூடாது. சிக்கல் வந்தால் முதலில் தண்டை விடு. அப்போதும் இழுத்தால் சிவப்புக் குமிழை இழு. எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். எழுதியதில் பாதி எனக்கே புரியவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை.

மாஸ்டர் அந்தத் தாள்களை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "படிச்சுட்டீங்களா?" என்று கேட்டபோதெல்லாம் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அதற்கு, படித்துவிட்டேன் என்று அர்த்தமா, பையில் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் இழுத்துப் பார்ப்பது என்று ஒரு சோதனை உண்டு. குழந்தைகள் உடுப்பில் பட்டன் வைத்தால் அதை இழுத்துப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். கையோடு வந்துவிட்டால் ரிஜெக்ட். குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் அல்லவா? மாஸ்டர் அந்த இடுப்புப் பட்டையையும் அப்படித்தான் சோதித்திருக்கிறார். சிவப்புக் குமிழை இழுத்திருக்கிறார். அது சொடக்கென்று கையோடு வந்துவிட்டது. மறுபடி மாட்டி இழுத்தால் மறுபடியும் வந்தது. "இவ்வளவு பெரிய கம்பெனி மாலு, ஒரு இழுப்புக்குத் தாங்கலீங்களே" என்று சனிக்கிழமை டீ நேரத்தில் என்னிடம் வருத்தப்பட்டார். "அது கழலணும் மாஸ்டர், புத்தகத்துல இருக்குது" என்றேன். "கழண்டு போறதுக்கு அப்பறம் எதுக்குங்க மாட்டறது?" என்றார். துணி வெட்டும் கட்டிங் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு நிற அட்டையை எடுத்துக்கொண்டு துணிக்குச் சாயம் போடும் டையிங் ஆபீசுக்குப் போய்விட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும் அவர் பட்டையை எடுத்துக்கொண்டு போய், பாக்கெட் ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் பார்டாக் மெஷினில் வைத்து, குமிழைப் பட்டையோடு சேர்த்து நெருக்கித் தைத்திருக்கிறார். பொருளில் குறை கண்டால் சரி செய்யாமல் வெளியே அனுப்ப மாட்டார். அதுதான் அவருடைய பெருமை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனதே வேடிக்கை பார்க்கத்தான். என் கணவர் மூலனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மகள் இரண்டு நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வற்றிக் கிடந்த குளத்துக்குள் மாஸ்டரும் கட்டிங் ஆட்கள் இரண்டு பேரும் பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கிழக்குக் கரையில் சீமைக் கருவேலம், அதற்கு மேலே மின்கம்பி. "மாஸ்டர், காத்து போற பக்கம் கம்பி இருக்குதே" என்றேன். "அது எங்கியோ இருக்குதுங்க மேடம், நாம எங்கியோ இருக்கறமுங்க" என்றார். பட்டம் ஏறியது. அவரை நாலு எட்டு இழுத்துக்கொண்டு போனது, சிரித்துக்கொண்டே சமாளித்தார். பிறகு காற்று தணிந்து, பட்டம் பன்னிரண்டு மணியில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நின்றது. அழகாகத்தான் இருந்தது. "மாமா, நான் ஒருவாட்டி" என்றாள் மகள். அவர் என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு நிமிஷம்" என்று சொன்னது நான். என் வாய்தான்.

பட்டத்தை இறக்கி, பட்டையை அவள் இடுப்பில் இறுக்கிக் கட்டி, மறுபடி ஏற்றினார். அவள் பின்னால் நின்று ஒரு கையால் பட்டையையும் மறு கையால் தண்டையும் பிடித்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நொடியில் காற்று அடித்தது. பட்டம் தலைக்கு மேலிருந்து சரிந்து, எதிரே நடு வானத்துக்கு வந்து உப்பியது. மகளின் கால்கள் தரையை விட்டு எழுந்தன. மாஸ்டர் பட்டையை விடாமல் தொங்க, இரண்டு பேரையும் சேர்த்து அது கிழக்கே இழுத்துக்கொண்டு ஓடியது. நான் பின்னால் ஓடினேன். "தண்ட விடுங்க மாஸ்டர்! தண்ட விடுங்க!" விட்டார். இழுப்பு நிற்கவில்லை, வளையம் அவள் இடுப்பில் அல்லவா இருக்கிறது. "கண்ணு, செவப்பு! செவப்ப இழு!" நான் கத்துவதற்கு முன்பே அவள் இழுக்க ஆரம்பித்திருந்தாள். ராத்திரிகளில் நான் படித்ததைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனவள். மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்தது அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. சரியான நேரத்தில், சரியான பொருளை, சரியாக இழுத்தாள். "அம்மா, வர மாட்டேங்குது! அம்மா!" என்றாள்.

மாஸ்டரின் முகம் அப்போது மாறியதை நான் பார்க்கவில்லை என்று பல வருஷம் சொல்லிவந்தேன். பார்த்தேன். வயிறு தரையில் தேய, கழுத்து நாடாவோடு கட்டரைப் பிடித்து இழுத்து, வளையம் மாட்டியிருந்த இடத்தில் பட்டைத் துணியை ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்றாவது வெட்டில் அறுத்தார். பட்டம் தண்டோடு பறந்தது. இரண்டு பேரும் மண்ணில் விழுந்தார்கள். கரைக்கு இன்னும் நாற்பதடி இருந்திருக்கும். கருவேலத்துக்கு மேலே பட்டம் கம்பியில் சுற்றிக்கொள்ள, நீலமாக ஒரு வெளிச்சம் வெடித்தது. ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகளின் மெஷின் சத்தம் ஒரேயடியாக நின்றது.

மகளுக்கு முழங்கால் இரண்டிலும் தோல் இல்லை. மாஸ்டரின் சட்டையில் முன்பக்கம் இல்லை. நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு கை கால்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர் அறுபட்ட துண்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் காட்டி, "பாத்தீங்களா மேடம், நம்ம தையல் பிரியவே இல்லீங்க" என்றார். அதை அவர் கையிலிருந்து நான் பிடுங்கினேன். அப்படித்தான் அது என் டப்பாவுக்கு வந்தது. அரை மணி கழித்து சைக்கிளில் வந்த லைன்மேன் கம்பியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, துணி காயப்போட வேற எடமே கெடைக்கலீங்களா?" என்றார். கட்டிங் ஆட்கள்கூடச் சிரிக்கவில்லை.

பையருக்கு நான்தான் ஃபேக்ஸ் எழுதினேன். பதிலில் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பட்டையில் யார் இருந்தார்கள், நடக்கிறார்களா என்று மட்டும் கேட்டிருந்தார். என் கணவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் மாஸ்டர் பேசினார். டீக்கடையில், டையிங்கில், கடைசியில் என் மகளின் கல்யாணப் பந்தியில்கூட, ஆடிக் காற்று ஆளையே தூக்கிய கதையையும், தன் தையல் மட்டும் பிரியாத கதையையும் சொன்னார். அந்தத் தையலைப் போட்டது ஏன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, தப்புத்தானுங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் குமிழை எப்போதோ தூர எறிந்திருப்பேன். நானும்தான் யாரிடமும் "ஒரே ஒரு நிமிஷம்" என்று சொன்னது நான் என்று சொல்லவில்லை. அது வேறு.

போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ராமேஸ்வரம் பக்கம் கடற்கரையில் அதே பட்டம் விடக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். சொந்தமாக இடுப்புப் பட்டைகூட வாங்கி வந்திருந்தாள். உலகத்தில் நீச்சல் இல்லையா, டென்னிஸ் இல்லையா? "அம்மா, மொத நாள் முழுக்கக் கழட்டறதுக்குத்தாம்மா சொல்லித் தருவாங்க" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. என் பேச்சு எடுபடாது என்று தெரிந்து, வேறு வழியில்லாமல் மாஸ்டருக்குப் போன் போட்டேன். நீங்களே வந்து வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்களுக்குத்தான் அந்த உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு என்றேன். சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபதைத் தாண்டியவர், கண்ணாடி தடித்திருந்தது, கழுத்தில் அதே மாதிரி ஒரு கட்டர்.

உட்காரச் சொல்லிக் காபி வைத்தேன். "அது இருக்குதுங்களா?" என்றார். பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். குமிழை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கட்டர் நுனியால் அந்தக் கறுப்புத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். காபி ஆறிப்போனது. ஒவ்வொரு நூலாக எடுத்துத் தட்டில் வைத்தார். கடைசி நூல் வந்ததும் குமிழை இழுத்தார். கழன்று வந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, "கண்ணு, உன்றத எடுத்துட்டு வா" என்றார். மகள் புதுப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். அவர் அதன் சிவப்புப் பிடியை இழுத்தார். சொடக்கென்று விட்டது. மாட்டச் சொல்லி மறுபடி இழுத்தார். அவளை இழுக்கச் சொன்னார். இடது கையால் இழுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இழுக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் விட்டது. வேண்டாம் என்ற வார்த்தைக்காக நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாக் கழலுதுங்க மேடம்," என்றார். "பாஸ் பண்ணீரலாமுங்க."