மூணாறிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்

மாரித்தாய் நெல்லையப்பர் கோயிலுக்குச் சாமி கும்பிடப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் சேர்ந்து மதுரை, திருச்செந்தூர், திருநெல்வேலி என்று மூன்று நாள் டூர் போட்டபோது, அதுவரை எந்த டூருக்கும் போகாத அவள் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். அவளுக்கு வேண்டியது திருநெல்வேலி மட்டும்தான். அங்கே தம்பி வேல்முருகன் இருந்தான். அவனிடம் ஒரு ரூம் கேட்க வேண்டும்.

ரூம் என்றால் மாளிகை இல்லை. ஒரு பாய் விரிக்கவும் ஒரு அடுப்பு வைக்கவும் இடம், அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வயது முடிந்து அவளுக்கு மூணாறு தேயிலை எஸ்டேட் வேலை போய்விட்டது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். மாதக் கடைசிக்குள் சாவியை ஆபீஸில் ஒப்படைக்கச் சொல்லிக் கடுதாசி வந்திருந்தது. பதினெட்டு வயதில் பேர் பதிந்து, நாற்பது வருஷம் அட்டைக்கடியிலும் பனியிலும் கொழுந்து கிள்ளியவளுக்கு, அந்த வீட்டுச் சுவரில் அடித்த ஆணிகூடச் சொந்தமில்லை. புருஷன் மொக்கையன் மஞ்சள் காமாலையில் செத்து எட்டு வருஷமாகிறது. மகள் ஆனந்தி போடியில் மாமியார், நாத்தனாரோடு ஒற்றை அறையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறாள். அங்கே போய் இவள் எங்கே கால் நீட்டுவாள்?

தம்பியும் அதே லயத்தில் பிறந்தவன்தான். அம்மா கொழுந்துக்குப் போனதால், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் இவள். அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து திருநெல்வேலி டவுனில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு போனார்கள். அவனைப் படிக்கவைக்கக் கூட்டிப்போனார்கள், இவள் மலையிலேயே நின்றாள். அவர்கள் காலத்துக்குப் பிறகு வீட்டைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று அவன் வந்து கூப்பிட்டான். பத்திர ஆபீஸில் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள்.

"பின்னால ரூம்பு எப்பவும் ஒனக்குத்தான்க்கா. நீ ரிடையர் ஆனா நேரா இங்க வந்திரு" என்றான்.

பதினோரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். மற்ற பெண்கள் வேலை முடிந்தால் எங்கே போவது என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க, "எனக்கென்னடி, எந்தம்பி இருக்கான்" என்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். வெகுளி. வேறென்ன சொல்ல?

டூர் வருவதாகப் போன் செய்தபோது அவன், "வீட்டுக்கெல்லாம் எதுக்குக்கா அலையுத? பஸ்ஸு கோயில் வாசல்லதான நிக்கும். நானே அங்க வந்திருதேன்" என்றான். அதையும் பாசம் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

சொன்னபடியே கோபுர வாசலில் நின்றான், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. அவள் இரண்டு கிலோ தேயிலையும் வட்டவடை மலைப்பூண்டும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டு, "வாக்கா, எல்லாத்தையும் காட்டுதேன்" என்று உள்ளே கூட்டிப்போனான்.

காட்டினான். ஐயோ, என்னமாய்க் காட்டினான்! பெரிய நந்தியைக் காட்டினான். பொற்றாமரைக் குளத்தைக் காட்டினான். தாமிர சபையின் கூரையைக் காட்டி, அதில் என்ன வேலைப்பாடு என்று கைடு தோற்கும்படி விளக்கினான். நடந்து நடந்து அவளுக்கு முட்டி கழன்றது.

"தம்பி, ஒரு விசயம் பேசணும்."

"இருக்கா, மொதல்ல இந்தத் தூணப் பாரு. அத்தனையும் ஒத்தக் கல்லு. ஒண்ணொண்ணுக்கும் ஒரு சத்தம்."

அவள் தூணைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பாள். இரண்டாவது முறை வாயெடுத்தபோது காந்திமதியம்மன் சன்னதியில் கூட்டம் குறைவாக இருப்பதாகச் சொல்லி அவசரப்படுத்தினான். மூன்றாவது முறை தண்ணீர் குடிக்கிறாயா என்றான். வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தப்பிக்க அவனுக்கு அத்தனை பெரிய கோயிலும் ஒத்தாசை செய்தது.

இரண்டு கோயிலையும் சேர்க்கிற சங்கிலி மண்டபத்தில் அவள் நின்றுவிட்டாள். இதற்கு மேல் நடந்தால் நேரே பஸ்தான். அவன் கையைப் பிடித்தாள்.

"மாசக் கடைசிக்குள்ள லயத்தக் காலி பண்ணணும்டா. நான் வந்திரட்டுமா?"

அதற்குள் எதிரே பட்டுச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கைகூப்பிக்கொண்டே வந்தார். "என்ன சம்பந்தி, இந்நேரத்துல கோயில்ல? இவுக யாரு?"

வேல்முருகன் அவள் பிடியிலிருந்து கையை மெல்ல எடுத்தான்.

"மூணாறு பார்ட்டி. டூர் வந்திருக்காவ. கோயில் பாக்கணும்னாவ, காட்டிட்டிருக்கேன்."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்ததிலிருந்து அவளை நீ, வா, போ என்று கூப்பிட்டவன் முதல் தடவையாக மரியாதை கொடுத்துப் பேசினான்.

பெரியவர் நல்ல மனிதர். "ரொம்ப சந்தோசம்மா. இவுக மக சோனாவ எம்பையனுக்குத்தான் கெட்டுதோம். வைகாசி பத்தொன்பது கல்யாணம். இந்தப் பக்கம் வந்தீங்கன்னா நீங்களும் அவசியம் வந்து பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்தணும்" என்றார்.

சோனாவுக்கு அத்தை அவள். கல்யாணம் நிச்சயமானதே அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். நான் இவன் அக்கா என்று அந்த மண்டபமே அதிரக் கத்தியிருக்கலாம். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவளோ கண்ணீரை முழுங்கிக்கொண்டு, "ஆமாய்யா, கோயில் பாக்கத்தான் வந்தோம். பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றாள்.

பெரியவர் சன்னதிப் பக்கம் போனதும் தம்பி குரலை இறக்கினான். "தப்பா நெனைக்காதக்கா. பெரிய எடம். நம்ம அப்பா ரயில்வேல இருந்தாருன்னு சொல்லி வச்சிருக்கேன். கொழுந்து கிள்ளுற அக்கா இருக்கான்னு தெரிஞ்சா பேச்சு முறிஞ்சிரும். அந்தப் பின்னால ரூம்பையும் இடிச்சு மாப்பிள்ளைக்கு மாடி எடுத்தாச்சு."

"அப்ப நான் எங்கடா போவேன்?"

"ஆனந்திட்ட கேட்டுப் பாரேன்" என்றான். பிறகு ஓடிப்போய் ஒரு கிலோ அல்வா வாங்கி வந்து, சூடு ஆறாமல் அவள் கையில் திணித்தான். பஸ் படியில் அவள் ஏறும் வரை நின்று கையாட்டிவிட்டுத்தான் போனான்.

அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நாற்பது வருஷம் ஒரே மலையில் அவளோடு கூடை சுமந்த சுருளியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? தம்பி என்ன சொன்னான்?"

மாரித்தாய் அல்வாவைப் பிரித்து அவளிடம் நீட்டினாள். "ரூம்ப வெள்ளையடிச்சு வச்சிருக்கான். சோனாவுக்குக் கல்யாணம் வருது, அத்த நீதான் முன்ன நிக்கணும், சீக்கிரமா வந்திருன்னு ஒரே அழுக. அதான் எனக்கும் அழுக வந்திருச்சு."

"பாத்தியா, கூடப் பொறந்தவன் கூடப் பொறந்தவன்தான்!" சுருளியம்மாள் எழுந்து நின்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பெண்கள் கைதட்டினார்கள். நம்மில் ஒருத்திக்காவது போக ஒரு இடம் கிடைத்ததே என்று பின்சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினாள். அல்வா கைமாறிக் கைமாறித் தீர்ந்தது.

"சாமானெல்லாம் நீ ஒத்தையில கட்டாத. நாங்க வந்து கட்டித் தாரோம். கீழ ரோடு வர சொமந்துட்டு வந்து ஒன்ன வண்டியேத்தி விட்டுட்டுத்தான் போவோம். என்னைக்கு வரட்டும்?" என்று கேட்டாள் சுருளியம்மாள்.

பஸ்ஸில் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வர்ற ஞாயித்துக்கெழம" என்றாள் மாரித்தாய்.