இரண்டு பேரும் பார்க்கிற படம்

சின்னப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்குப் பொறுமை கிடையாது, கணினிதான் இருக்கிறது. பிள்ளை கண்ணை மூடிவிட்டால் இன்னொரு படத்திலிருந்து முகத்தை வெட்டி ஒட்டிவிடுவேன். பத்து வருடமாக அப்படித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

போன வருடம் சண்டிலிப்பாயில் ஒரு வீட்டுக்கு மூன்று வயது இரட்டைப் பெண்பிள்ளைகளை எடுக்கப் போனேன். தகப்பன் பிரான்சில். பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே போனவர், விசா இழுபட்டு இன்னும் வந்து பார்க்கவில்லை. போனில் பார்த்ததோடு சரி. இரண்டு பேரும் தன்னையே பார்க்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், அறைச் சுவரில் கொளுவ வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஒரே நிறச் சட்டை, ஒரே ரிப்பன். யார் பெரியவள், யார் சின்னவள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நாவூறு படாமல் வைத்த கறுப்புப் பொட்டுத்தான் அடையாளம் என்றாள் தாய். பெரியவளுக்கு வலக் கன்னம், சின்னவளுக்கு இடக் கன்னம். நானும் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினேன்.

பிறகு இரண்டு மணித்தியாலம் நாய்படாத பாடு. ஒருத்தியை இருத்தினால் மற்றவள் எழும்புவாள். சின்னவள் கோழிக்குப் பின்னால் ஓடினாள், அவளுக்குப் பின்னால் தாய் ஓடினாள். நான் பூனை மாதிரிக் கத்தினேன், ஆடு மாதிரியும் கத்தினேன். முந்நூறு படம் எடுத்தும் ஒன்றில்கூட இருவரும் சேர்ந்து கமராவைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல முதலில் எல்லா முகங்களையும் கணினியில் துடைத்தேன்: பிஸ்கட் தூள், மூக்குச்சளி, பொட்டு. பொட்டை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கை பழகிவிட்டது. பிறகு நேராகப் பார்த்துச் சிரித்த இரண்டு முகங்களைத் தேர்ந்து ஒரே படத்தில் ஒட்டினேன். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. தாய் கண் கலங்கிப்போய் உடனேயே பிரான்சுக்கு அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்கென்று அதே படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். சின்னவள் என் கையிலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உது அக்கா. உதும் அக்கா," என்றாள். "நான் எங்கை?"

தாயும் நானும் சிரித்தோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனாலும் மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து துடைக்காத படங்களைத் திறந்து பார்த்தேன். நான் எடுத்து ஒட்டிய இரண்டு முகத்திலும் பொட்டு வலக் கன்னத்தில் இருந்தது.

அடுத்த நாள் போய்ச் சொன்னேன். தாய் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பெத்த எனக்கே தெரியேல்லையே அண்ணை," என்றாள்.

தகப்பனிடம் உண்மையைச் சொல்லுவோம், பிழை என்னுடையதுதானே என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அவர் வேலைக்குப் போகேக்கை படத்திலை ரெண்டு பேரையும் கொஞ்சிப்போட்டுத்தான் போறவராம். இதை எப்பிடிச் சொல்லுறது?"

புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சின்னவளின் முகம் ஒன்றிலும் நேராக இல்லை. இருந்ததில் நல்லதை எடுத்தேன். அதில் அவள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவளைச் சிரித்தபடியே விட்டேன். பொட்டுகளை இந்த முறை தொடவில்லை.

தாய் காரணம் சொல்லாமல் அதைப் பிரான்சுக்கு அனுப்பினாள். தகப்பனின் பதில் குரல் பதிவாக வந்தது. நான் போயிருந்தபோது எனக்கும் போட்டுக் காட்டினாள். நல்ல மனிதர், நிதானமான குரல்.

"இதிலை ஒராள் என்னைப் பாக்கேல்லை. முந்தினதுதான் வடிவு. அதுவே சுவரிலை இருக்கட்டும்."

சொல்லிவிடுவோமா என்று தாயைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அதற்குள் சின்னவள் ஓடி வந்து தாயின் மடியில் ஏறினாள். போனில் புதுப் படம் திறந்தபடி இருந்தது. அவள் குனிந்து பார்த்து, கோழியைப் பார்க்கிற முகத்தில் விரலை வைத்தாள்.

"இது நான்," என்றாள்.