வழித்துணையின் முதல் பக்கத்துப் பெயர்

நூருல் அமீன் மறைந்த செய்தி எனக்குச் சிங்கப்பூரில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்தது. பழைய நாளிலிருந்தே என்னை அறிந்த அவருடைய மனைவி ஷமீமா பேசினார். “அக்கா, அவங்க மௌத்தாயிட்டாங்க. விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாங்க. டீ கொண்டாந்து வச்சேன், எடுக்கவே இல்ல. சாயந்தரம் அசருக்கு அடக்கம்.” சொல்ல வேண்டிய ஆறுதலைச் சொன்னேன். போனை வைத்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். போட வேண்டிய சண்டையைப் பாதியில் விட்டுப் பல வருடங்கள் வைத்திருந்தேன். மனிதர் பிடி கொடுக்காமல் போய்விட்டார்.

அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள். “மேடம், நல்லதா நாலு வரி எழுதிக் கொடுங்க” என்று கேட்டார்கள். நல்லதாக எழுத எனக்கு வரவில்லை. உள்ளதை எழுதுகிறேன். போட மனமிருந்தால் போடுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நானும் அவரும் பாடம் எடுத்தோம். நான் குடவாசல் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் கடலோரத்து ஊர்க்காரர். அண்ணன் தம்பி எல்லாரும் துபாயில். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அமெரிக்கா போகிற கனவோடு ஊர் ஊராகப் பையன்களும் பெண்களும் வந்து சேர்ந்த காலம் அது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் பாதி வகுப்பு நாற்று விடப் போய்விடும்.

அமீனுக்கு வீட்டிலிருந்து இரண்டு முறை விசா வந்தது. இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார். ஏன் என்று கேட்டால், “ஒரு ரூம்ல எட்டுப் பேரு, எட்டுப் பேருக்கும் ஒரே கக்கூஸு. எனக்கு ஒத்துவராது” என்பார். இதைத் தியாகம் என்று மலரில் யாராவது எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். யாருக்கும் வளைந்து கொடுக்காத உடம்பு அவருக்கு, அவ்வளவுதான்.

ஒருநாள் முதலாளி ஒரு சிடியைக் கொண்டுவந்து போட்டார். பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்தவர் அவர். சிடியில் இருந்தது ஒரு எடிட்டர், அதாவது கணினியில் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அது எப்படிச் செய்யப்பட்டது என்று காட்டும் மூலநிரல் முழுவதும் கூடவே இருந்தது. “ஓசில கெடச்சிருக்கு. இதையும் ஒரு கோர்ஸா போட்டுடுவோம்” என்றார். எங்கள் இருவருக்கும் அதன் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

பிரித்துப் பார்த்தால் பெட்டிக்குள் பெட்டி மாதிரி டைரக்டரிக்குள் டைரக்டரி, உள்ளே ஆயிரக்கணக்கில் கோப்புகள். நான் இருப்பதிலேயே பெரிய நிரல்கோப்பைத் திறந்து முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். எட்டு நாள் படித்தேன். ஒன்றும் ஏறவில்லை. எட்டாவது நாள் அமீன் பின்னால் வந்து நின்றார். வகுப்பு நிறையப் பிள்ளைகள்.

“மேடம், கல்யாண வீட்டுக்கு வந்துட்டு நேரா கொல்லைப்பக்கம் போயி அண்டாவ எண்ணிக்கிட்டிருக்கீங்க. வாசல்ல ஒருத்தரு வாங்கன்னு கூப்புட நிக்கிறாரே, அவரப் பாத்தீங்களா?”

அவர் சொன்னது ரீட்மீ என்ற கோப்பை. எந்த டைரக்டரியில் என்ன இருக்கிறது, எதை எப்போது திறக்க வேண்டும் என்று எழுதியவர்களே அதில் சொல்லி வைத்திருந்தார்கள். நான் அதைத் தாண்டிப் போயிருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சொன்னது சரிதான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அந்த மரியாதை அவருக்கு வராது.

வீம்புக்கு உட்கார்ந்தேன். ஒவ்வொரு டைரக்டரியிலும் இருந்த ரீட்மீயைப் படித்தேன். எடிட்டரின் அடித்தளம் எங்கே, அதன் மேல் கட்டிய வேலைகள் எங்கே, பிற மொழிகளில் தட்டெழுதும் வசதி எங்கே, கையேடு எங்கே, நம் கணினிக்கு ஏற்ப அதைத் தயார்செய்யும் முறை எங்கே என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். ஒரு நீள நோட்டு நிறைந்தது. ‘மூலநிரல் வழித்துணை’ என்று பெயர் வைத்து அமீன் மேசையில் கொண்டுபோய்ப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். “பத்தாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு.” அது மட்டும்தான். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர் வகுப்பு நடத்தியது அந்த நோட்டை வைத்துத்தான்.

பிறகு எனக்குச் சிங்கப்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அப்பா ஒரு துண்டு வயலை விற்று அனுப்பினார். கிளம்பும்போது அமீன், “வழித்துணைய டைப் பண்ணி இன்டர்நெட்ல வைக்கட்டுமா?” என்று கேட்டார். வையுங்கள் என்றேன். மூன்று வருடத்தில் அந்த நிறுவனம் மூடிவிட்டது. விசா முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். திரும்பினால் அப்பா முகத்தில் விழிக்க முடியாது.

ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்காணல். கேள்வி கேட்டவர் நம் ஊர்ப்பக்கத்துத் தமிழர், என்னைவிட இளையவர். நான் செய்த வேலைகளைச் சொல்லிவிட்டுப் பெருமையாக வழித்துணையையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அத வச்சுத்தாங்க நானே படிச்சேன். அது நூருல் அமீன் எழுதுனதுங்களே?”

கணினியை என் பக்கம் திருப்பினார். முதல் பக்கத்தில் அமீன் பெயர். அதன் கீழே அமீன் முகவரி. என் பெயர் எங்கும் இல்லை. நான் என்ன சொன்னாலும் அதற்குப் பிறகு எடுபடவில்லை. அவர் மரியாதையாகத்தான் வாசல்வரை வந்து வழியனுப்பினார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவளை அனுப்புகிற மரியாதை அது. வேலை போயிற்று.

அன்றே அமீனைக் கூப்பிட்டேன்.

“வழித்துணைய எழுதுனது யாரு, அமீன் சார்?”

“நீங்க.”

“அதுல யாரு பேரு இருக்கு?”

“என் பேரு.” கூச்சமே இல்லை குரலில். “முதல்ல உங்க பேரப் போட்டுத்தான் வச்சேன் மேடம். புது வெர்ஷன்ல அந்த ஃபைலக் காணோம், இந்த டைரக்டரிய எங்க மாத்திட்டாங்கன்னு உங்களக் கேட்டு கடிதமா வந்துச்சு. எல்லாத்தையும் உங்களுக்கு அனுப்புனேன். ஒண்ணுக்காவது பதில் போட்டீங்களா?”

கடிதங்கள் வந்தது உண்மை. நான் திறக்காததும் உண்மை. ஆறு பெண்கள் தங்கிய அறையில், இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“எழுதுனது நீங்க. பதில் சொல்றது நான். சந்தேகத்தோட வர்றவங்க யாரக் கேக்கணுமோ அவங்க பேருதான் அங்க இருக்கணும். பதில் சொல்ல முடியாதவங்க பேரு அங்க எதுக்கு?”

“ரெண்டு பேரு பேரையும் போட்டிருக்கலாமே?”

“போட்டா, அவரு சொல்லுவாருன்னு நீங்க இருப்பீங்க, அவங்க சொல்லுவாங்கன்னு நான் இருப்பேன்.”

“என் வேல போச்சு சார்.”

“வேற கெடைக்கும்” என்றார். போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு நாங்கள் பேசவே இல்லை. வேறு வேலை கிடைக்கத்தான் செய்தது, விசா முடிய நான்கு நாள் இருக்கும்போது. அதனால் அவர் செய்தது நியாயமாகிவிடாது.

இந்தக் கட்டுரைக்காக என் பழைய நோட்டையும், இன்று இணையத்தில் இருக்கும் வழித்துணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எல்லாம் என் எழுத்துதான் என்று வரி வரியாகக் காட்டிவிடுவது என் திட்டம். காட்ட முடியவில்லை. எடிட்டர் எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. நான் வரைந்த வழிகளில் பாதி இப்போது இல்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மனிதர் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார், புதிதாக எழுதியிருக்கிறார், ஒரு வெளியீட்டைக்கூட விடவில்லை. தேடித் தேடிப் பார்த்ததில் என்னுடையது என்று ஒரு பத்திதான் மிஞ்சியது. என் பொருளை எடுத்துப் புழங்கிப் புழங்கித் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார். இப்போது உரிமை கேட்டுப் போனாலும் நியாயம் என் பக்கம் நிற்காது. இதற்கும் சேர்த்து அவர் மேல் எனக்குக் கோபம்.

போன வாரம் ஷமீமா மறுபடி கூப்பிட்டார். “அக்கா, அவங்க மெயிலுக்கு கடிதம் வந்துக்கிட்டே இருக்கு. மௌத்தாயிட்டாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் எழுத எனக்கு கை வரமாட்டேங்குது. நீங்க பாக்குறீங்களா?”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அனுப்பு” என்று வந்தது.

முதல் கடிதம் பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுதியது. “சார், புது வெர்ஷன் இறக்கினேன். மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் சொன்ன கோப்பைக் காணோம். எங்கே போயிற்று சார்?” எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் தேடினேன். அதை இரண்டாகப் பிரித்து வேறு டைரக்டரியில் வைத்திருந்தார்கள். எழுதி அனுப்பினேன். பிறகு ஷமீமா கொடுத்த கடவுச்சொல்லை வைத்து, இணையத்தில் இருந்த வழித்துணையின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். நான்காவதிலும் கை வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தேன்.

அமீன் சார், உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். என் பெயரைப் போட்டிருக்கிறேன், என்னுடையதை மட்டும். பதில் சொல்ல முடியாதவர் பெயர் அங்கே இருக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம்தானே. இத்தனை வருடம் ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது, சேமிக்கும் பொத்தானை அழுத்த எனக்கு ஒரு முழுக் காலை ஆயிற்று. கண் தெரியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் அழுத்தினேன். தப்பென்றால் வந்து சண்டை போடுங்கள், வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கும்போதே போடுங்கள், பரவாயில்லை.

பட்டுக்கோட்டைப் பெண் மறுபடி எழுதியிருக்கிறாள். இந்த முறை ‘மேடம்’ என்று தொடங்கியிருக்கிறாள். இன்னொரு சந்தேகமாம். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள்.