வெளிப்பெட்டிக்கு ஒரு வீடு

ஏசியின் வெளிப்பெட்டிக்கு வெயில் படக் கூடாதென்று அதற்குத் தனியாக ஒரு வீடு கட்டிக்கொடுத்தவன், எனக்குத் தெரிந்து விருத்தாசலத்தில் நான் ஒருவன்தான். மூன்று பக்கம் சுவர், மேலே கூரை, முன்னால் காற்றுக்கென்று சின்னதாக ஒரு சன்னல். சன்னலைச் சுற்றி நீல டைல்ஸில் பார்டர் வேறு. வெப்பம் எப்படிக் கடத்தப்படுகிறது என்பதை இரண்டு மொழிகளில் படித்தவன் நான். அந்தப் படிப்பை முழுவதுமாக அந்தச் சுவரில்தான் பூசினேன்.

ஏசி வாங்கியதே மனைவிக்காக. அவள் ஒரு செராமிக் யூனிட்டில் சூளைக்குப் பொறுப்பாளர். கரண்ட் பீஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் வேகும் இடத்தில் விடியற்காலையிலிருந்து நின்றுவிட்டு மதியம் வீடு திரும்புவாள். சாப்பிட்டுப் படுத்தால் தலைக்குமேல் எங்கள் மாடித் தளம் இன்னொரு சூளை. ஃபேன் அந்தச் சூட்டை அறை முழுக்கப் பாரபட்சமில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கும். கத்திரி வந்ததும் அவளுடைய மதியத் தூக்கம் போயே போய்விட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னைக்கு சூளைக் கதவுகிட்ட நின்னுக்கிட்டே கண்ண மூடிட்டேங்க. ஒரு நொடிதான்" என்றாள், மோர் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில். கை கழுவியதும் கடைக்குப் போனேன். மறுநாள் ஏசி வந்தது.

மாட்ட வந்த மெக்கானிக் வேப்பூர்க்காரர். தோளுக்கும் காதுக்கும் நடுவில் எப்போதும் ஒரு ஃபோன். வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் திறந்தவெளியில் மாட்டினார்.

"வெயில் நேரா அடிக்குமே தம்பி."

"அதெல்லாம் தாங்கும் சார்."

அவர் தாங்கும் என்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. வீட்டுக் கொல்லையில் கொஞ்சம் கல் கிடந்தது. மனைவியின் யூனிட்டில் பழைய சூளையைப் பிரித்தபோது, தோட்டத்தில் உட்கார மேடை போடலாம் என்று குட்டியானையில் ஏற்றி வந்தவை. சூளையின் உள்சுவரில் வைக்கிற, கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி கனமே இல்லாத வெள்ளைக் கல். ஒரு பக்கம் நெருப்பு எரிந்தாலும் மறுபக்கம் சூடு தாண்டாது. இதைவிடப் பொருத்தமான கல் உலகத்தில் உண்டா? ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நானே கட்டி முடித்தேன். ஏசிக்கு ஒரு நிழல் போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பாராட்டு பிறகு தானாக வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது வெதுவெதுப்பான காற்றுதான். போட்டதும் கொஞ்ச நேரம் குளிரும், பிறகு மனம் மாறிவிடும். போதாக்குறைக்கு உள்பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், சரியாக அவள் தலையணையில். "பரவால்லங்க, தண்ணியாவது ஜில்லுனு இருக்குது" என்று தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அன்றும் தூங்கவில்லை.

மெக்கானிக் ஃபோனிலேயே, "கேஸ் எறங்கியிருக்கும் சார்" என்று நோய் சொல்லிவிட்டார். நேரில் வந்து என் கட்டடத்தைப் பார்த்ததும் ஃபோனைப் பையில் போட்டார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"இன்னா சார் இது, கோயிலா?"

வேலையிலிருந்து அப்போதுதான் வந்த மனைவியும் எட்டிப் பார்த்தாள். புறங்கையால் சுவரைத் தொட்டாள். "எங்க சூளைக் கல்லாச்சே இது."

"ஆமா. சூடு உள்ள போவாது இல்ல?" என்றேன்.

"போவாது. உள்ள இருக்கற சூடும் வெளிய வராது. அதுக்குத்தானங்க நாங்க அத சூளையில வெக்கறோம்."

"ரூம்பு சூட்ட எடுத்தாந்து வெளிய கொட்டறதுதான் சார் இந்தப் பெட்டிக்கு வேலை" என்றார் மெக்கானிக், சிரிப்பை அடக்க முடியாமல். "நீங்க கொட்டற எடத்துல செவுரு வெச்சிட்டீங்க."

"நீ ரொம்ப சிரிக்காத தம்பி" என்று மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "தண்ணி போற பைப்ப பாத்தியா? நடுவுல மேட்டுல ஏறி எறங்குது. தண்ணி இன்னா மாடிப்படியா ஏறும்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "நான் மாட்டறப்பவே வீட்டு செவுத்துல சார் ஒட்டியிருந்த டைல்ஸு அழகா இருந்துச்சுக்கா. அத ஒடைக்க மனசு வரல. மேலாப்புல வளைச்சுட்டேன்."

ஆக, அதற்கும் நான்தான்.

வீட்டைப் பிரித்தோம். வெளிப்பெட்டி மறுபடி வெயிலில் நின்று நிம்மதியாக மூச்சு விட்டது. பைப் சரிவாக இறங்கியது. மனைவி ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு படுக்கையறைக் கதவு, சன்னல் ஓரமெல்லாம் போனாள். புகை எங்கே வளைகிறதோ அங்கே விரலை வைத்து, "இங்க கசியுது" என்றாள். சூளைக் கதவையும் இப்படித்தான் பார்ப்பார்களாம். அவள் காட்டிய இடங்களில் நான் ரப்பர் பட்டை ஒட்டினேன். அழகுபடுத்த எனக்கு அனுமதி இல்லை.

"கல்ல இன்னா பண்றது?" என்றேன்.

"வெயில தடுக்கணும்னா வெயில் வர்ற வழியிலதான வெக்கணும்?" என்று மேலே காட்டினாள். அவள் யூனிட்டிலிருந்து இன்னொரு லோடு கல் வந்தது. படுக்கையறைக்கு மேலே தளத்தில் கல்லைப் பரப்பி, அதன்மேல் வெள்ளை டைல்ஸ் உடைசலைக் கொத்தனார் பதித்தார். நான் தண்ணீர் ஊற்றினேன்.

எல்லாம் காய்ந்த பிறகு ஒரு மதியம் அவள் சாப்பிட்டுப் படுத்தாள். நான் கூடத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஏசி சொன்னபடி கேட்டது. தண்ணீர் சொட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. தலைக்குமேல் ஃபேன் நின்றதும் படுக்கையறைக் கதவுக்கு ஓடினேன். கதவைத் திறந்து பார்க்கலாமென்றால் குளிர் வெளியே போய்விடும். காதைக் கதவில் வைத்தேன். மெல்லிய குறட்டை. இருபது வருடமாக நான் குறை சொல்லி வந்த அதே குறட்டை.

சாயந்தரம் அவளாகவே எழுந்து வந்தாள். கன்னத்தில் தலையணையின் கோடு பதிந்திருந்தது. எவ்வளவோ அடக்கியும் கேட்டுவிட்டேன்.

"எப்பிடி நம்ம ஏசி?"

திரும்பி உள்ளே பார்த்தாள். ஏசியில் விளக்கு எரியவில்லை. "எப்பங்க நின்னுச்சு இது?"

"நீ படுத்த கொஞ்ச நேரத்துலயே கரண்ட் பூடுச்சு. இன்னும் வரல."

கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே தளத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப கல்ல மட்டும் மேல போட்டிருந்தாலே போதும்போல. ஏசியத்தான் அவசரப்பட்டு வாங்கிட்டீங்க."