பஸ் ஸ்டாண்டைக் கூட்டிய மூன்று நாள்

குடித்துவிட்டு பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே போலீஸ் பிடித்துவிட்டது. பழைய சட்டத்தில் இதற்குப் பத்து ரூபாய் அபராதம், மிஞ்சினால் ஒரு நாள் சிறை. அந்தத் தைரியத்தில்தான் கோர்ட்டுக்குப் போனேன். மாஜிஸ்ட்ரேட்டோ, அதே பஸ் ஸ்டாண்டை மூன்று நாள் கூட்டச் சொன்னார்.

"சார், ஒரு நாள் உள்ளயே போட்டுடச் சொல்லுங்க" என்று வக்கீலிடம் கெஞ்சினேன்.

"புதுச் சட்டம்ங்க. இப்ப சமூக சேவையும் தண்டனைதான். சந்தோசமாப் போய்க் கூட்டுங்க" என்றார்.

சந்தோஷமாம்.

மறுநாள் காலை நான் துடைப்பத்தோடு குனிந்திருந்தபோது எங்கள் கம்பெனி பஸ் வந்து நின்றது. கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவர் வேலையில் விட்டுப்போனதை விரல் நீட்டிக் காட்டுவதுதான் ஆறு வருஷமாக என் பிழைப்பு. பஸ் ஏற வரிசையில் நின்ற கம்பெனி ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. என் லைனில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, பஸ்ஸில் ஏறப்போனவள் திரும்பி, தரையைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"சார், அங்க ஒண்ணு விட்டுட்டீங்க."