பட்டுப்போன ஏழு மரங்கள்

ஊரை ஒட்டிக் கிடந்த பன்னிரண்டு ஏக்கர் குப்பைமேட்டைக் காடாக்கியவளை ஊரில் ஒருவருக்கும் பிடிக்காது. ஆஸ்பத்திரி லேப்பில் இருபத்தெட்டு வருஷம் ரத்தம் சோதித்து ஓய்வு பெற்றவள் என்பதால் எல்லோருக்கும் அவள் லேப் அம்மா. வந்தேறிக் களைகளை வேரோடு பிடுங்கி, அந்த மண்ணுக்கே உரிய மரங்களின் விதை தேடி ஊன்றி, பதினோரு வருஷம் இடுப்பொடியப் பாடுபட்டாள். நகராட்சி நடைபாதை போட்டதும் ஊரே வாக்கிங் வந்தது. பாதையை விட்டு ஓரடி இறங்கினால் போதும், பிடிபிடியென்று பிடித்துவிடுவாள். "பிசாசு வருது" என்று ஆட்கள் வழி மாறிப் போனார்கள். போகட்டும் என்றிருந்தாள்.

காட்டோரமாக அவள் தம்பி மாடி வீடு கட்டினான். பால்கனியில் உட்கார்ந்து காட்டுக்கு அப்பாலிருந்த ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டவனுக்குக் குறுக்கே ஏழு மரங்கள் நின்றன.

"நாலு கிளைய மட்டும் கழிச்சு விடுக்கா."

"ஒரு இலைகூட முடியாது."

அடுத்த கோடையில் ஏழும் ஒன்றாகக் கருகின. லேப் அம்மா மண்டியிட்டு அடிமரத்தைத் தடவினாள். விரல் நுழையும் துளைகளை ஈரமண் பூசி மறைத்திருந்தார்கள். சுரண்டினாள். களைக்கொல்லி நெடி குப்பென்று அடித்தது.

நேரே தம்பி வாசலில் போய் நின்றாள்.

"உன் டிரில் மெஷினை எடுத்துட்டு வா. ஓட்டையில பொருந்துதான்னு பார்ப்போம்."

"என்னக்கா உளர்றே? பூச்சி அரிச்சிருக்கும்."

"எந்தப் பூச்சிடா ஏழு மரத்துலயும் ஒரே அளவா ஓட்டை போடும்?"

தம்பி மனைவி குறுக்கே வந்தாள். "மரத்துக்காகக் கூடப்பொறந்தவர ஜெயிலுக்கு அனுப்புவீங்களா அண்ணி?"

"கண்டிப்பா."

போலீசில் புகார் கொடுத்தாள். பார்த்த சாட்சி இல்லை என்று கைவிரித்தார்கள். பட்ட மரங்களை வெட்டிவிடலாம் என்றார் நகராட்சி அதிகாரி. தம்பி காத்திருந்ததே அதற்குத்தான். லேப் அம்மா நான்கு நாள் அந்த அலுவலகத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் தொல்லை தாங்காமல் எழுதிக் கொடுத்தார்கள்: மரங்கள் பட்டபடியே நிற்கும், பால்கனிக்கு நேரெதிரே ஒரு பலகையும் வரும். 'இவை விஷம் வைத்துக் கொல்லப்பட்டவை.'

தம்பி மகள் கல்யாணத்துக்கு ஊர் முழுக்கப் பத்திரிகை போனது, அவளைத் தவிர. முகூர்த்த நேரத்தில் அவள் பலகையடியில் புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கால் தட்டி வாளி கவிழ்ந்தது. வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்தாள். வாளியையா, தம்பியையா என்று அவளுக்கே தெரியவில்லை.